விளைஞ்சது எங்கே? உடைச்சது யாரு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரச் சொன்னபோது, "பெண் விடுதலை பற்றி எழுதும்மா" என்றார் சங்கச் செயலாளர் அண்ணன். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் நாங்கள் மூன்றே பெண்கள். அதனால் அந்தத் தலைப்பு எப்போதும் எங்கள் தலையில்தான் வந்து விழும்! அதை வேறு யாராவது எழுதட்டும். நான் எழுத வந்தது ஒரு முந்திரிப் பொட்டலத்தைப் பற்றி. என்னடா இது, நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்கப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டாளே என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலாம் ஆண்டில் நான் சேர்ந்த புதிதில், பக்கத்து பெஞ்சுத் தோழி என் விரல்களைப் பார்த்து, "என்னப்பா, மருதாணி திட்டுத் திட்டா பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். நானும் "ஆமாம்" என்று சொல்லி விட்டேன். அது மருதாணி இல்லை. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய். பட்ட இடம் கறுக்கும், பிறகு தோல் உரியும். லீவு நாட்களில் அம்மாவோடு உட்கார்ந்து கொட்டை உடைத்த கை அது. மூன்று வருடத்துக்குப் பிறகு இந்த மலரில்தான் அந்தத் தோழிக்கு உண்மையைச் சொல்கிறேன். கோவிச்சுக்காதே!

பண்ருட்டிப் பக்கத்தில் எங்கள் கிராமம். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. கொட்டை உடைப்பதில் அம்மாவை யாரும் முந்த முடியாது. கட்டையால் ஒரு தட்டு, ஓடு இரண்டாகப் பிளக்கும், உள்ளே பருப்பு முழுசாக இருக்கும். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. ஏறக்குறைய நாலு கிலோ கொட்டை உடைத்தால்தான் ஒரு கிலோ பருப்பு. விரலில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். இருந்தாலும் வருடக்கணக்கில் உடைத்து உடைத்து விரல் நுனி வழுவழுவென்று ஆகி விட்டது. ரேஷன் கடை கைரேகை மெஷினில் அம்மாவின் விரல் ஒரே தடவையில் பதிந்ததாக எனக்கு நினைவில்லை. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மா சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் கோணிப்பை விரித்திருப்போம். கொட்டை வந்த பை. அதில் பச்சை மையில் ஏதோ ஆங்கில எழுத்து. இங்கிலீஷ்தானே என்று சின்ன வயதில் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன், ஒரு வார்த்தையும் புரியாது. ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் டீச்சரிடம் எழுதிக் காட்டினேன். "இது பிரெஞ்சும்மா. கோத் திவ்வார்னு போட்டிருக்கு. ஐவரி கோஸ்ட், ஆப்பிரிக்காவுல இருக்கு" என்று அட்லஸைத் திறந்து காட்டினார்கள். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்: "நீ உக்காந்திருக்கிற கோணி ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல வந்திருக்கு." அம்மா சிரித்துக்கொண்டே, "கப்பல் கொட்டைன்னு மேஸ்திரி சொல்லுவாரு, எந்த ஊருன்னு எவன் சொன்னான்?" என்றார்கள்.

ஆம், கப்பல் கொட்டை! எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் வருடம் முழுக்க ஓடுவதே அதை வைத்துத்தான். பங்குனி, சித்திரையில் எங்கள் ஊர்க் கொட்டை வரும். அது சீக்கிரமே தீர்ந்துபோகும். பிறகு தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து லாரியில் வருவதுதான் கதி. ஐவரி கோஸ்ட், பெனின், கானா, தான்சானியா என்று பல நாட்டுச் சரக்கு. இன்று உலகத்திலேயே அதிகமாக முந்திரிக் கொட்டை விளைவிப்பது ஐவரி கோஸ்ட்தான். அவர்கள் விளைவிப்பதில் பெரும்பகுதியை ஓட்டோடு இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் விற்று விடுகிறார்கள். உடைத்துப் பருப்பாக்கும் வேலை இங்கே நடக்கிறது.

இதில் தப்பில்லை. முந்திரியே நம் ஊர் மரம் இல்லை, பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. ஊர் விட்டு ஊர் வருவது சரக்கின் இயல்பு. என் சண்டை வேறு.

போன வருடம் இன்டஸ்ட்ரியல் விசிட் போய்த் திரும்பும்போது ஒரு நகரத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் எல்லோரும் நுழைந்தோம். (வாங்குவதற்கு இல்லை, ஏ.சி.க்காக!) அங்கே கண்ணாடித்தாள் பொட்டலத்தில் முந்திரி. மேலே "பண்ருட்டி முந்திரி, மண்ணின் மணம்" என்ற மாதிரி ஏதோ எழுதி, பழம் தொங்கும் மரம், கூடையோடு ஒரு பாட்டி, பின்னால் பசுமையான தோப்பு என்று படம் போட்டிருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பொட்டலம் போட்டவர் விலாசம் வேறு ஏதோ மாநிலம். எடை, எம்.ஆர்.பி., தேதி, புகார் சொல்ல போன் நம்பர், பச்சைப் புள்ளி எல்லாம் இருந்தது. கொட்டை எங்கே விளைந்தது, யார் ஊரில் உடைத்தார்கள் என்று எங்கும் இல்லை. அது ஒருவேளை எங்கள் ஊர்த் தோப்புக் கொட்டையாகவே இருக்கலாம். அல்லது என் அம்மா உடைத்த ஐவரி கோஸ்ட் கொட்டையாக இருக்கலாம். பண்ருட்டியையே பார்க்காத சரக்காகவும் இருக்கலாம். வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை! பிறந்ததிலிருந்து முந்திரி நடுவிலேயே வளர்ந்த எனக்கே தெரியவில்லை.

அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியுமா? சட்டப்படி அவர் எழுத வேண்டியதை எழுதி விட்டார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளைத் தேடிப் படித்தேன். (ஆங்கிலம் கொஞ்சம் உதைத்தது, டிக்ஷ்னரி வைத்துத்தான் படித்தேன்.) இறக்குமதி உணவுக்கு எந்த நாடு என்று எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்லது. அதற்கு அடுத்த வரியில் ஒரு விஷயம் வருகிறது: ஒரு உணவை இரண்டாவது நாட்டில் அதன் தன்மை மாறும்படி பதப்படுத்தினால், பதப்படுத்திய நாடே அதன் பிறந்த நாடு. இது நம் அதிகாரிகள் தாங்களாக எழுதியதும் இல்லை. கோடெக்ஸ் என்கிற உலக உணவுத் தர அமைப்பின் பொதுவான லேபிள் விதியிலும் இதே கருத்துதான் இருக்கிறது. வெளிநாட்டுக் கொட்டையை இங்கே வேகவைத்து, உடைத்து, காயவைத்து, தோல் உரித்து, தரம் பிரித்துப் பொட்டலம் போட்டால், விளைந்த நாட்டை எழுதச் சொல்லும் விதி கிடையாது.

நுகர்வோர் உரிமை என்று பேசுகிறோமே, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தரம், அளவு, வீரியம், தூய்மை, தர நிர்ணயம், விலை இவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை என்று வரிசையாகச் சொல்கிறது. எங்கிருந்து வந்தது என்பது அந்த வரிசையில் இல்லை. 2020இல் ஆன்லைன் வியாபாரத்துக்குத் தனி விதி வந்தபோது சரக்கின் நாட்டைக் காட்டச் சொன்னார்கள். கப்பலில் வந்து இங்கே உருமாறியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முந்திரியோடு நின்றால் பரவாயில்லை, பணக்காரர் பண்டம் என்று விட்டு விடலாம். நம் ஹாஸ்டல் சாம்பாருக்கு வாருங்கள். துவரை போதாமல் மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வருகிறது. மொசாம்பிக்கோடு 2016இல் அரசே ஒப்பந்தம் போட்டது. முழுத் துவரையாக வந்து இங்கே மில்லில் உடைபட்டால் அது நம் ஊர்ப் பருப்பு! நாம் சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டு எண்ணெய். பாமாயில் முக்கியமாக இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. மிளகில் பெரிய கூத்தே நடந்தது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக இலங்கை மிளகு என்ற பெயரில் குறைந்த வரியில் நுழைகிறது என்று மிளகு விவசாயிகள் கத்தினார்கள். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து இறக்குமதி கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. டார்ஜிலிங் தேயிலைக்கு 2004லேயே புவிசார் குறியீடு கிடைத்தது, இந்தியாவிலேயே முதல் குறியீடு அது. ஆனாலும் நேபாளத் தேயிலை அந்தப் பெயரில் கலந்து விற்கிறது என்ற புகார் ஓயவில்லை. 2021இல் தேயிலை வாரியம் டார்ஜிலிங், நீலகிரி போன்ற தேயிலைகளோடு இறக்குமதித் தேயிலையைக் கலக்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. இலங்கையில் சிங்க முத்திரை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொட்டலம் போட்டால்தான் அந்தச் சிங்கம். பெயர் காப்பாற்றப்படுகிறது, சரி. அந்தக் கொழுந்தைப் பறிக்கிற மலையகத் தமிழ்ப் பெண்களின் கூலிக்குச் சிங்கம் என்ன செய்தது என்பது வேறு கேள்வி. இருந்தாலும் அது எந்த நாட்டுக் கொழுந்து என்றாவது வாங்குகிறவருக்குத் தெரிகிறது.

என் வீட்டுச் சண்டையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது.

என் பெரியப்பாவுக்கு அரைக் காணி முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. எனக்கு அப்போது நாலு வயசு. காற்றுச் சத்தம் மட்டும் லேசாக ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலையில் தோப்பு இருந்த இடத்தில் நின்று பெரியப்பா சின்னப் பிள்ளை மாதிரி அழுதாராம். கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கும். மறுபடி கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, காய்ப்புக்கு வர வருடங்கள் ஆயின. இப்போது காய்க்கிறது. கொட்டையை மூட்டை கட்டிக் கொண்டு போனால், "கப்பல் கொட்டை இந்த விலைக்கு வருது, நீ என்ன கூடக் கேக்குற?" என்கிறார்கள். வெளியில் விற்கும்போது ஊர்ப் பெயர், இவரிடம் வாங்கும்போது கப்பல் விலை! பெரியப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எம் பேர வச்சு விக்கிறான். எங்கிட்ட வாங்காமலே."

அதனால் எந்த நாட்டுக் கொட்டை என்று அட்டையில் எழுத வைக்க வேண்டும் என்று நான் வீட்டில் பேச ஆரம்பித்தபோது, பெரியப்பா "அப்படிப் போடு!" என்றார். அம்மாதான் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஏண்டி, படிக்க வச்சா வேலைக்கே உலை வைப்பியா? ஆப்பிரிக்கான்னு எழுதினா எவன் வாங்குவான்? கம்பெனிய மூடிட்டா உங்கப்பன் வந்து சோறு போடுவாரா?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான். என் செமஸ்டர் பீஸ், பஸ் பாஸ், டிராயிங் போர்டு எல்லாம் கப்பல் கொட்டையில் வந்தது. பெரியப்பா தோப்பில் விளைவது மூன்று மாத வேலைக்குக் கூடக் காணாது. ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு அந்த லேபிள் நியாயம், இன்னொருவருக்கு அது பயம். பத்து நாள் நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விடை மெஷின் டிராயிங் வகுப்பில் கிடைத்தது என்றால் சிரிப்பீர்கள். டிராயிங் ஷீட்டின் வலது மூலையில் டைட்டில் பிளாக் போடுகிறோம் அல்லவா? வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார், ஒப்புதல் தந்தவர் யார், மெட்டீரியல் என்ன, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். வரைந்தவர் கட்டத்தில் சரிபார்த்தவர் பெயரை எழுதினால் சார் ஷீட்டையே கிழித்துப் போடுவார். அப்படியிருக்கச் சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் ஒரே கட்டம்? அந்த ஒரு கட்டத்துக்குத்தான் பெரியப்பாவும் அம்மாவும் அடித்துக்கொள்கிறார்கள். "விளைந்தது: ஐவரி கோஸ்ட். உடைத்துத் தரம் பிரித்தது: பண்ருட்டி, தமிழ்நாடு." இரண்டு வரி. பெரியப்பாவின் கொட்டை என்றால் முதல் வரியிலும் பண்ருட்டி வரும், அதற்குரிய விலையை அவர் கேட்கலாம். அம்மாவின் வேலை இரண்டாவது வரியில் வரும். இப்போது அம்மாவின் வேலை எந்த வரியிலும் இல்லையே! கோத் திவ்வாரில் யாரோ ஒரு பெண் வெயிலில் குனிந்து பொறுக்கிய கொட்டைக்கும் அப்போதுதான் ஒரு வரி கிடைக்கும். அவளை நான் பார்த்ததில்லை. அவள் கட்டிய மூட்டை மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது. 2015இல் இறக்குமதியான உறைந்த பெர்ரிப் பழம் சாப்பிட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ, அதாவது மஞ்சள் காமாலை வந்தது. எந்த நாட்டுச் சரக்கு என்று தெளிவாகச் சொல்லு என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் கொதித்துப் போனார்கள். 2016இல் புது விதி வந்தது, 2018 ஜூலை 1 முதல் கட்டாயமானது. என்ன விதி? அங்கே விளைந்த அல்லது செய்த சரக்கின் அட்டையில் முக்கோணத்துக்குள் ஒரு கங்காரு. அதற்குக் கீழே ஒரு பட்டை. உள்ளே இருப்பதில் எவ்வளவு பங்கு ஆஸ்திரேலியப் பொருளோ அவ்வளவு தூரம் அந்தப் பட்டை நிறைந்திருக்கும், பெட்ரோல் டேங்க் மீட்டர் மாதிரி! பக்கத்தில் இத்தனை சதவிகிதம் என்று எழுத்திலும் இருக்கும். வெளிநாட்டுச் சரக்கை அங்கே கொண்டுவந்து பொட்டலம் மட்டும் போட்டால் கங்காரு கிடையாது, பட்டை காலி. துண்டு போடுவது, டப்பாவில் அடைப்பது போன்ற சின்ன வேலைகளை மட்டும் செய்து "இங்கே தயாரித்தது" என்று சொல்லவும் முடியாது. பிஸ்கட், மிட்டாய், டீ, காபி, குளிர்பானம் போன்றவற்றுக்கு இந்தப் பட்டை கட்டாயமில்லை என்று விலக்கு கொடுத்து விட்டார்கள். அது ஓட்டைதான். ஆனால் மற்றதெல்லாம் பட்டையோடு கடையில் நிற்கிறது, வியாபாரமும் படுத்து விடவில்லை.

எனக்கு அந்தப் பட்டை பிடித்ததற்குக் காரணம் என் அம்மாதான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்துச் சைவம் என்று சொல்லி விடுவார்கள். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு அந்தப் புள்ளிதான் துணை. எழுத்துத் தெரியாதவர் கூடப் படிக்கிற லேபிள் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அது வருவதற்கு முன்பும் "முடியாது, செலவு ஆகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இப்போது சிலர், அட்டையில் கியூஆர் கோடு போட்டு விட்டால் எல்லா விவரமும் போனில் வந்துவிடுமே என்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்று ஒவ்வொரு பொட்டலத்தையும் போன் வைத்துப் படம் பிடிக்கிற அம்மா யார் வீட்டில் இருக்கிறார்கள் சொல்லுங்கள்!

எல்லா நாட்டிலும் இப்படி இனிப்பாக முடியவில்லை. அமெரிக்காவில் 2002இல் சட்டம் போட்டார்கள். இறைச்சிக்கும் காய்கறிக்கும் நாட்டைக் குறிப்பிட வேண்டும் என்று. மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்று மூன்றையும் 2013இல் எழுத வைத்தார்கள். (டைட்டில் பிளாக்!) கனடாவும் மெக்சிகோவும் "எங்கள் மாட்டை ஒதுக்கப் பார்க்கிறாய்" என்று உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தன. வருடத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் பதில் வரி போடலாம் என்று 2015 டிசம்பரில் அனுமதி வந்தது. அதே மாதம் அமெரிக்கப் பாராளுமன்றம் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் அந்தச் சட்டத்தையே எடுத்து விட்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டு இறைச்சியை அங்கே வெட்டிப் பொட்டலம் போட்டு "அமெரிக்கப் பொருள்" என்று ஒட்ட முடிந்தது. பிறந்து, வளர்ந்து, வெட்டப்பட்டது எல்லாமே அமெரிக்காவில் என்றால்தான் அந்தப் பெயர் போடலாம் என்று 2024இல் விதியைத் திருத்தினார்கள். 2026 ஜனவரியிலிருந்து நடைமுறை. போடுவது கட்டாயமில்லை, ஆனால் போட்டால் உண்மையாகப் போடு என்பதுதான் விதி. இங்கிலாந்தில் டெஸ்கோ என்ற பெரிய கடைக்காரர்கள் 2016இல் வுட்சைடு ஃபார்ம்ஸ், பாஸ்வெல் ஃபார்ம்ஸ் என்று பண்ணைப் பெயர்களில் இறைச்சியும் காய்கறியும் விற்றார்கள். அந்தச் சரக்கு அப்படி ஒரு பண்ணையிலிருந்து வரவில்லை, பெயர் மட்டும்தான் பண்ணை. விவசாயிகள் சங்கம் புகார் கொடுத்தது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்தக் கண்ணாடித்தாள் பொட்டலத்துப் பாட்டிதான்!

அமெரிக்கக் கதையில் நமக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது என்று நினைக்கிறேன். நாட்டின் பெயரை எழுதுவது வேறு, நாட்டை வைத்து விரட்டுவது வேறு. 2020இல் நம் நாட்டில் ஒரு நாட்டுச் சரக்கைப் புறக்கணி என்று கோஷம் வந்தபோது ஆளாளுக்கு டி.வி. பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்ததைப் பார்த்தோம். லேபிள் கேட்கிற இயக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து விட்டால் முதலில் வேலை போவது என் அம்மாவுக்குத்தான். "ஆப்பிரிக்கக் கொட்டை மட்டம்" என்று சொல்கிறவரிடம் நான் ஒன்று சொல்வேன்: உடைத்த பிறகு அம்மாவாலேயே இரண்டையும் பிரிக்க முடியாது. தரம் என்பது பருப்பின் அளவிலும் வெள்ளையிலும் முழுமையிலும் இருக்கிறது. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 320 பருப்புக்குள் நிற்கும் என்று அர்த்தம். அந்த எண் எந்த நாட்டையும் கேட்பதில்லை. நான் ஊர்ப்பெயர் கேட்பது மட்டத்தைக் கண்டுபிடிக்க இல்லை. ஒருவர் பெயரில் இன்னொருவர் பொருள் விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அம்மா வேலை செய்கிற இடத்து முதலாளியிடமும் ஒருநாள் தைரியமாகக் கேட்டு விட்டேன். நல்ல மனுஷர், திட்டவில்லை. "இந்த வாரம் பெனின், அடுத்த வாரம் கானா, விலை பார்த்து வாங்குறோம். வாரா வாரம் அட்டை மாத்தி அச்சடிச்சா கட்டுபடியாகுமா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் தேதியையும் பேட்ச் நம்பரையும் விலையையும் அதே பொட்டலத்தில் தினம் தினம் மெஷின் அடிக்கிறதே? அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி ஏறாதா? கலந்த சரக்கு என்றால் நாடுகளின் பெயரைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எழுதலாம். ஐரோப்பிய யூனியனில் தேனுக்கு அப்படி விதி போட்டிருக்கிறார்கள், 2024இல். முன்பு "யூனியனிலிருந்தும் வெளியிலிருந்தும் வந்த தேன் கலவை" என்று எழுதினால் போதும். உலகத்துத் தேன் எல்லாம் அதில் அடங்கி விடும்! புது விதிப்படி நாடுகளின் பெயரும், எத்தனை சதவிகிதம் என்பதும் வேண்டும். தேனில் எழுத முடிந்தால் முந்திரியில் முடியாதா? முதலாளி சிரித்துக்கொண்டே, "சட்டம் வரட்டும்மா, எல்லாரும் எழுதினா நானும் எழுதுறேன். நான் மட்டும் எழுதினா நான் மட்டும் மாட்டுவேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இது ஒரு கடையிலோ ஒரு கம்பெனியிலோ கேட்கிற கோரிக்கை இல்லை, சட்டமாகக் கேட்க வேண்டிய கோரிக்கை என்கிறேன்.

அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? நாம் டிப்ளமோ பசங்க, யார் கேட்பார்கள் என்று நானும்தான் நினைத்தேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் புது விதியோ திருத்தமோ கொண்டுவரும் முன்னால் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்து கேட்கிறது. பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்துக் கருத்து அனுப்புகின்றன. மாணவர் சங்கம் அனுப்பக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. நம் கல்லூரியிலும் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினத்தன்று பேச்சுப் போட்டி நடத்தி, சோப்பு டப்பா பரிசு கொடுப்பதோடு அதன் வேலை முடிந்து விடுகிறது. (போன வருடம் அந்த சோப்பு டப்பா எனக்குத்தான் வந்தது. நல்ல டப்பா, குறை சொல்லவில்லை!) இந்த வருடம் பேச்சுப் போட்டிக்குப் பதிலாக வேறு ஒன்று செய்வோம். ஊருக்குப் போகும்போது ஒவ்வொருவரும் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் பத்து உணவுப் பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் என்ன படம், பின்பக்கம் என்ன விவரம், விளைந்த இடம் இருக்கிறதா இல்லையா என்று எழுதி வாருங்கள். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், அவரும் வாங்கி விற்கிறவர்தான். எலக்ட்ரிகல் அண்ணன்கள் கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சேர்த்துத்தான் மனு.

மனுவில் என்ன கேட்பது என்று நானும் இரண்டு தோழிகளும் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். ஒரே பொருளாலான உணவுகளுக்கு, அதாவது பருப்பு, முந்திரி, மிளகு, தேயிலை, தேன், எண்ணெய் போன்றவற்றுக்கு, விளைந்த நாடும் பதப்படுத்திய இடமும் இரண்டு தனி வரிகளாக வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற ஒரு குறி வேண்டும். ஒரு ஊரின் பெயரையோ தோப்பின் படத்தையோ முன்பக்கம் போட்டால் சரக்கு அங்கே விளைந்திருக்க வேண்டும், அல்லது அங்கே என்ன வேலை நடந்தது என்பதை அதே முன்பக்கத்தில் எழுத வேண்டும். மிக்சர் பாக்கெட்டில் இருக்கிற இருபது சாமானுக்கும் நாடு கேட்டு நாங்கள் யாரையும் வதைக்கப் போவதில்லை.

போன வாரம் அம்மாவிடம் அந்தக் கங்காருப் பட்டையை நோட்டில் வரைந்து காட்டினேன். கீழே என் இரண்டு வரியையும் எழுதிப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டாவது வரி எங்களதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "அப்ப அத மேல எழுது" என்றார்கள்! பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வழக்கு இன்னும் திண்ணையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மனுவில் இப்போதைக்கு விளைந்த இடம் மேலேயும் உடைத்த இடம் கீழேயும் இருக்கிறது. எழுத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன்.

மனுவின் வரைவு சங்க அறையில் மேஜை மேல் ஒரு பச்சை ஃபைலில் இருக்கிறது. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் தப்பு இருந்தால் பென்சிலால் திருத்துங்கள், கிண்டல் வேண்டாம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் சனிக்கிழமை ஒர்க்‌ஷாப் முடிந்து, கையில் உள்ள கிரீஸைத் துடைத்துவிட்டு வாருங்கள். அம்மா முதல் பக்கத்திலேயே கைநாட்டு வைத்து விட்டார்கள். ரேகை சரியாக விழவில்லை, நீலமாக ஒரு வட்டம் மட்டும்தான் இருக்கும். அது அம்மாதான். அழித்து விடாதீர்கள்.